எத்தனை ஜிபி பென் டிரைவ் வாங்குவது? 32, 64, 128, 256: ஓர் ஒப்பீடு

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் படியேறினாலும் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக் கடையொன்றுக்குள் நுழைந்தாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை ஜிபி?" பதில் தெரியாதவர்கள் இருப்பதில் மலிவானதை எடுப்பார்கள், அல்லது கையில் உள்ள காசுக்கு எவ்வளவு பெரியது வருமோ அதை எடுப்பார்கள். வில்லங்கம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். வெறுமையாக இருக்கும் 32 ஜிபி டிரைவ் 5 ஜிபிப் படம் ஒன்றை ஏற்க மறுக்கும். 128 ஜிபியைக் காரில் செருகினால் செட் அதைக் கண்டுகொள்ளாது. ஸ்டூடியோக்காரர் "31 ஜிபிதான் இருக்கிறது, 32 கொண்டுவாருங்கள்" என்று சொன்ன கலியாண வீடியோ 32க்குள் அடங்காது.

இவை மூன்றும் டிரைவ் பழுதானதால் வருபவை அல்ல. அட்டையில் போட்டிருக்கும் எண் ஒன்றைச் சொல்கிறது, நாம் வேறொன்றை விளங்கிக்கொள்கிறோம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கடைக்குப் போகுமுன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அவற்றை இந்த வரிசையிலேயே கேட்பது நல்லது.

எங்கே செருகப் போகிறீர்கள்? உங்கள் லப்டொப்பில் மட்டுமா, அல்லது காரிலும், டிவியிலும், போட்டோகொப்பி கடையிலும், கோயில் ஒலிபெருக்கி செட்டிலுமா? இருப்பதில் ஆகப் பழைய கருவி எதுவோ அதுதான் உங்கள் தெரிவைத் தீர்மானிக்கும்.

ஆகப் பெரிய தனி ஃபைல் எவ்வளவு? மொத்தம் இரண்டாவது விடயம். ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டுகிறதா என்பதுதான் முக்கியம்.

மொத்தம் எவ்வளவு? கண்மதிப்பாகச் சொல்லாமல், ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'புரொப்பர்ட்டீஸ்' பார்த்துச் சொல்ல வேண்டிய பதில் இது.

ஒருமுறை நிரப்ப எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? பெரிய டிரைவ் வாங்குவோர் மறந்துபோகும் கேள்வி.

அது தொலைந்தால் என்ன போகும்? பஸ்ஸில் விழுந்துவிட்ட டிரைவில் நான்கு பாட்டு இருந்ததா, அடையாள அட்டைப் பிரதியும் காணி உறுதியும் இருந்தனவா?

## அட்டையில் 64, திரையில் 59

தயாரிப்பாளர்களுக்கு 1 ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் 1 ஜிபி என்று எழுதும்போது எண்ணுவது 107 கோடியே 37 இலட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டுகளை. அதாவது 1024ஐ மூன்று தடவை பெருக்கிய தொகை. ஆகவே 64 ஜிபி டிரைவில் இருக்கும் 6400 கோடி பைட்டை விண்டோஸ் தன் அலகால் பிரித்து 59.6 என்று காட்டுகிறது. எவரும் 4 ஜிபியைத் திருடவில்லை. அதே டிரைவை ஒரு மாக் கணினியில் செருகினால் 64 என்றே வரும். 2009 முதல் மாக் பத்தின் அடுக்கிலேயே கணக்கிடுகிறது. ஸ்டூடியோவில் மாக், வீட்டில் விண்டோஸ் என்றால் "அங்கே 31 என்றார்கள், இங்கே 29 காட்டுகிறதே" என்ற குழப்பம் இதனால்தான்.

மனதில் வைத்துக்கொள்ளச் சுலபமான வழி: அட்டையில் உள்ள எண்ணை 0.93ஆல் பெருக்குங்கள். அதிலும் ஒரு துண்டு குறைவாகவே பல டிரைவ்கள் காட்டும். பழுதாகும் நினைவகப் பகுதிகளுக்குப் பதிலாகப் பாவிக்கவென்று தயாரிப்பாளர் கொஞ்சம் ஒதுக்கிவைப்பார். ஃபைல் அட்டவணைக்கும் இடம் வேண்டும். எனவே 32 ஜிபி டிரைவ் 28.7 அளவில் நின்றாலும் 64 ஜிபி 57.8 அளவில் நின்றாலும் திடுக்கிட வேண்டாம். மலிவு டிரைவ்கள் விளிம்புவரை நிரம்பும்போது எழுதும் வேகமும் விழுந்துவிடும் என்பதால் பத்தில் ஒரு பங்கை வெறுமையாக விடுவது நல்லது. நம்பிக் கணக்குப் போடக்கூடிய அளவு, விண்டோஸ் கணக்கில், 32க்கு 26, 64க்கு 52, 128க்கு 104, 256க்கு 208.

ஸ்டூடியோக் கலியாணக் கணக்கைப் பார்ப்போம். எடிட் செய்து முடித்த மூன்று மணிநேர வீடியோ, நொடிக்கு 10 மெகாபிட் தரத்தில், 13.5 ஜிபி. ஒவ்வொன்றும் 10 எம்பி கொண்ட 1800 படங்கள் 18 ஜிபி. கூட்டினால் 31.5. "32க்குள் அடங்கும்" என்று தோன்றும். விண்டோஸ் அலகில் அது 29.3, டிரைவில் இருப்பது 28.7. கடைசி அறுபது, எழுபது படங்கள் வெளியே நிற்கும்.

## ஃபைல்கள் உண்மையில் எவ்வளவு பெரியவை

வீடியோவுக்கும் பாட்டுக்கும் ஒரே சூத்திரம்: நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை 8ஆல் பிரித்து 60ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை எம்பி என்று வரும். பிட்டும் பைட்டும் ஒன்றல்ல; எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். இணைய இணைப்பின் வேகத்தையும் வீடியோவின் தரத்தையும் பிட்டில் சொல்வார்கள், ஃபைலின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். இந்த எட்டு மடங்கு வித்தியாசத்தில் தடுமாறாதவர் குறைவு.

பாட்டு. 128 கிலோபிட் எம்பி3 என்றால் ஐந்து நிமிடப் பாட்டு 5 எம்பிக்குச் சற்றுக் கீழே. 320 கிலோபிட் என்றால் 12 எம்பி. காரின் ஸ்பீக்கரில், காலி வீதிப் போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவே, இரண்டுக்கும் வேறுபாடு கேட்பது கடினம்.

வினாத்தாள். ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் வர்ணத்தில் ஸ்கேன் செய்தால் சுருக்காத நிலையில் 26 எம்பி. ஜேபெக் முறையில் சுருக்கிப் பிடிஎஃப்பாக்கினால் பக்கத்துக்கு 1 எம்பி அளவில் வரும். உயர்தர மாணவர் ஒருவர் மூன்று பாடங்களுக்குப் பத்து வருட வினாத்தாள்களை, பகுதி ஒன்று, பகுதி இரண்டு, புள்ளித்திட்டம் எனச் சேர்த்தால் 90 பிடிஎஃப். ஒவ்வொன்றும் 10 எம்பி என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 900 எம்பிதான். இதற்கு 128 ஜிபி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் உண்டு. ஆனால் அதே மாணவர் சூம் வகுப்புப் பதிவுகளையும் வைத்திருப்பாரானால் கதை வேறு: ஆசிரியரின் முகமும் பலகையும் சேர்ந்த பதிவு மணிக்கு 200 எம்பி அளவு பிடிக்கும். இரண்டு மணிநேர வகுப்பு நூறு என்றால் 40 ஜிபி.

படம். 12 மெகாபிக்சல் போன் படம் ஜேபெக்கில் 3 முதல் 5 எம்பி. எச்இஐசி என்ற புதிய வடிவில் ஏறத்தாழப் பாதி. இடம் மிச்சம் என்று மகிழ வேண்டாம். பிரிண்ட் எடுக்கப் போகும் கடையின் பழைய கணினி எச்இஐசியைத் திறக்காமல் போகலாம். ஐபோனில் கமரா அமைப்பில் 'மோஸ்ட் கொம்பட்டிபிள்' என்று மாற்றிவிட்டு எடுத்தால் ஜேபெக்காகவே விழும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சில நூறு கேபிக்குச் சுருங்கியிருக்கும், அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட நினைப்பது வீண். 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்பினால் சுருங்காது. ஒரு ஃபைலுக்கு 2 ஜிபிவரை போகும்.

வீடியோ. இடத்தைத் தின்பது இதுதான். ஐபோனில் 1080பி, நொடிக்கு 30 சட்டம், எல்லாக் கருவியிலும் ஓடும் வடிவம் என்றால் நிமிடத்துக்கு 130 எம்பி. புதிய சுருக்க முறையில் 60. 4கே, 30 சட்டம் என்றால் 350. சுருக்க முறையில் 170. கலியாணக் கமராக்கள் 4கேயை நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவது சாதாரணம். சூத்திரத்தில் போடுங்கள்: நிமிடத்துக்கு 750 எம்பி, மணிக்கு 45 ஜிபி. இரண்டு கமரா ஐந்து மணிநேரம் ஓடினால் 450 ஜிபி. "எடிட் செய்யாத முழு வீடியோவையும் பென் டிரைவில் தாருங்கள்" என்று ஸ்டூடியோவில் கேட்குமுன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம்.

## 4 ஜிபிச் சுவர்

32 ஜிபி வரையான டிரைவ்கள் பெரும்பாலும் ஃபாட்32 என்ற, ஃபைல்களை அடுக்கிவைக்கும் பழைய முறையில் போர்மட் செய்யப்பட்டு வருகின்றன. அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாக இருக்கலாம், அதற்குமேல் இருக்கக் கூடாது. ஃபைலின் நீளத்தை எழுத ஒதுக்கிய இடம் 32 பிட் மட்டுமே என்பது காரணம். 1080பி வீடியோ 33 நிமிடத்தில் இந்தச் சுவரில் முட்டும். 4கே 12 நிமிடத்தில். டிரைவில் 25 ஜிபி வெறுமையாக இருக்க, "ஃபைல் பெரிது" என்று விண்டோஸ் மறுப்பது இதனால்.

தீர்வு எக்ஸ்ஃபாட் என்ற இன்னொரு போர்மட் முறை. 64 ஜிபியும் அதற்கு மேற்பட்டவையும் வழக்கமாக இதில்தான் வருகின்றன. விண்டோஸ், மாக் இரண்டும் இதில் எழுதும், வாசிக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையக் கருவுக்குள் 2019இல் வந்தது. பழைய டிவியும் கார் செட்டும் மட்டும் ஏற்காமல் நிற்கலாம். மூன்றாவது முறையான என்டிஎஃப்எஸ்ஸை மாக் வாசிக்கும், எழுதாது. பெரும்பாலான போன்கள் வாசிக்கவும் மாட்டா. பென் டிரைவுக்கு அதைத் தெரிவு செய்ய வேண்டிய தேவை அபூர்வம்.

எக்ஸ்ஃபாட்டுக்கும் ஒரு மறைவான செலவு உண்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை விண்டோஸில் இயல்பாகப் போர்மட் செய்தால் இடத்தை 128 கேபிக் கட்டங்களாகப் பிரிக்கும். 2 கேபி ஃபைலும் ஒரு முழுக் கட்டத்தைப் பிடிக்கும். நிரலாக்கம் படிப்பவர் 10,000 சிறு ஃபைல்கள் கொண்ட ப்ரொஜெக்ட் ஃபோல்டர் ஒன்றைக் கொப்பி செய்தால் உண்மையான அளவு 20 எம்பி, டிரைவில் பிடிக்கும் இடம் 1.2 ஜிபி. 'சைஸ்' என்பதற்கும் 'சைஸ் ஒன் டிஸ்க்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே. ஸிப் செய்து ஒரே ஃபைலாக ஏற்றினால் இடமும் மிஞ்சும், கொப்பியும் பல மடங்கு சீக்கிரம் முடியும்.

## நான்கையும் ஒரு பார்வையில்

| | 32 ஜிபி | 64 ஜிபி | 128 ஜிபி | 256 ஜிபி |
|---|---|---|---|---|
| விண்டோஸ் காட்டக்கூடிய உச்சம் | 29.8 | 59.6 | 119.2 | 238.4 |
| வழக்கமான போர்மட் | ஃபாட்32 | எக்ஸ்ஃபாட் | எக்ஸ்ஃபாட் | எக்ஸ்ஃபாட் |
| 5 எம்பிப் பாட்டுகள் | 6,400 | 12,800 | 25,600 | 51,200 |
| 1080பி வீடியோ (நிமிடத்துக்கு 130 எம்பி) | 4 மணி | 8 மணி | 16 மணி | 32 மணி |
| 4கே வீடியோ (நிமிடத்துக்கு 350 எம்பி) | 1½ மணி | 3 மணி | 6 மணி | 12 மணி |
| முழுதாக நிரப்ப, நொடிக்கு 8 எம்பி | 1 மணி 7 நிமிடம் | 2 மணி 13 நிமிடம் | 4 மணி 27 நிமிடம் | 8 மணி 53 நிமிடம் |
| முழுதாக நிரப்ப, நொடிக்கு 100 எம்பி | 5 நிமிடம் | 11 நிமிடம் | 21 நிமிடம் | 43 நிமிடம் |
| பழைய கார் செட், டிவி | பெரும்பாலும் சரி | சந்தேகம் | சந்தேகம் | சந்தேகம் |

பாட்டு, வீடியோ எண்ணிக்கைகள் அட்டையில் உள்ள அளவை முழுதாக எடுத்துப் போட்டவை; நடைமுறையில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

## 32 ஜிபி

வெளியே கொண்டுபோவதற்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஜப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் கார்களின் செட்கள், யூஎஸ்பி துளையுள்ள பழைய டிவிடி பிளேயர்கள், கோயிலிலும் மண்டபத்திலும் இருக்கும் ஒலிபெருக்கி செட்கள் ஆகியவற்றில் பல ஃபாட்32 தவிர வேறெதையும் அறியாதவை. கார் செட்டுக்கு இன்னும் இரண்டு கவனம். ஒன்று, பல செட்களில் ஃபோல்டர் எண்ணிக்கைக்கும் பாட்டு எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 6,000 பாட்டை ஏற்றினால் கடைசிப் பாதி திரையிலேயே வராது. இரண்டாவது, ஜப்பானியச் செட்டில் தமிழ் எழுத்துரு இருக்காது. ஃபைல் பெயர் தமிழில் இருந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

போட்டோகொப்பி கடைக்கும் இதுவே. அந்தக் கணினிகளில் நாள் முழுவதும் யார் யாருடைய டிரைவோ ஏறி இறங்குகிறது. ஃபோல்டர்களை மறைத்துவிட்டு ஷோர்ட்கட்டுகளை விட்டுச்செல்லும் வைரஸ் பரவுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பிரிண்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் உள்ள ஒரு டிரைவைக் கொண்டுபோய், வீட்டுக்கு வந்ததும் திறந்து பார்க்காமலே போர்மட் செய்துவிடுவது புத்தி. குடும்பப் படமெல்லாம் உள்ள டிரைவை அங்கே செருக வேண்டிய அவசியம் என்ன?

மறைவான செலவு: 4 ஜிபிச் சுவர், ஒரு ஜிபிக்கு விழும் விலை கூடுதல், மலிவு 32கள் பலவும் பழைய, மெதுவான யூஎஸ்பி 2.0 இணைப்பு. விண்டோஸ் நிறுவும் டிரைவ் செய்வதற்கு மைக்ரோசொஃப்ட் கேட்பது குறைந்தது 8 ஜிபி என்பதால் அந்த வேலைக்கும் இது தாராளம்.

## 64 ஜிபி

ஒரே ஒரு டிரைவ்தான் வாங்குவேன் என்பவருக்கு நடுநிலையான பதில். சூம் பதிவுகள் சேர்க்கும் மாணவருக்கும், கலியாண வீடியோவும் படமும் வாங்கப் போகிறவருக்கும், வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை போனில் படம் பார்க்க விரும்புகிறவருக்கும் இது போதும். போனுக்கு என்றால் ஒரு முனையில் டைப்-சி உள்ளதாக எடுங்கள். சாதாரண டிரைவைப் போனில் செருக உதவும் தனி ஓடிஜி இணைப்பான் தொலைந்துபோகும் சாமான்.

இதன் சிக்கல் எக்ஸ்ஃபாட். டிவி வாசிக்காவிட்டால் ஃபாட்32க்கு மாற்றலாமே என்று பார்த்தால் விண்டோஸின் வழமையான போர்மட் பெட்டியில் 32 ஜிபிக்கு மேல் அந்தத் தெரிவே நெடுங்காலம் இருக்கவில்லை. ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளால் செய்யலாம். செய்த கணத்தில் 4 ஜிபிச் சுவரும் கூடவே வந்துவிடும். காரும் வேண்டும் பெரிய படமும் வேண்டும் என்றால் 64 இரண்டுக்கும் அரைகுறை.

## 128 ஜிபி

ஒரு ஜிபிக்கு விழும் விலையைப் பார்த்தால் வழக்கமாக 32ஐவிட இது இலாபம். அட்டை விலையை 119ஆல் பிரித்து, 32இன் விலையை 29.8ஆல் பிரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் இந்த அளவில் முடிவு செய்ய வேண்டியது ஜிபி அல்ல, வேகம். யூஎஸ்பி 2.0 மலிவு டிரைவ் ஒன்று நொடிக்கு 8 எம்பி எழுதினால் முழுதாக நிரப்ப நான்கரை மணிநேரம். இடையில் மின்சாரம் நின்றால் பாதி எழுதிய ஃபைல் கெட்டுப்போகும், முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே 128 வாங்கினால் யூஎஸ்பி 3 மட்டும். 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று பெயரில் விற்பது ஒன்றே, நொடிக்கு 5 கிகாபிட். பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அந்த எண் வாசலின் அகலத்தைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் நினைவகம் எவ்வளவு வேகமாக எழுதும் என்பது வேறு. அட்டையில் "150 எம்பி வரை" என்று இருந்தால் அநேகமாக அது வாசிக்கும் வேகம். எழுதும் வேகம் அச்சிடப்படாவிட்டால் குறைவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சில டிரைவ்கள் முதல் சில ஜிபியைப் பாய்ந்து எழுதிவிட்டுப் பிறகு நொடிக்கு 10, 15 என்று நொண்டும். உள்ளே வேகமான ஒரு சிறு பகுதி முதலில் நிறைந்துவிடுவதால் அப்படி. கணினியின் துளையும் யூஎஸ்பி 3ஆக இருக்க வேண்டும். உள்ளே நீல நிறம், அல்லது பக்கத்தில் 'எஸ்எஸ்' குறி. பழைய டெஸ்க்டொப்பின் முன்பக்கத் துளைகள் பெரும்பாலும் 2.0, பின்பக்கத்தைப் பாருங்கள்.

போனில் நிறைந்த படங்களை இறக்குவதற்கு இது பொருத்தம். போனின் ஸ்டோரேஜ் பக்கத்தில் 'படங்களும் வீடியோக்களும்' என்ற வரி காட்டும் எண் 100ஐ நெருங்கினால் 256க்குப் போங்கள்.

## 256 ஜிபிக்கு மேல்

இங்கே கேள்வியே மாறுகிறது: பென் டிரைவ்தானா வேண்டும்? இவ்வளவு தரவை ஏற்றி இறக்கும் ஒருவருக்கு, விலை கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தால் கையடக்க எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் நினைவகச் சில்லில் எழுதும் டிஸ்க்) நல்லது. நீண்ட நேரம் எழுதும்போது விரல் அளவு டிரைவ் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எஸ்எஸ்டி அவ்வளவு இலகுவில் தளராது. 450 ஜிபிக் கலியாணப் பதிவு போன்றவற்றுக்கு 1 டிபி (1000 ஜிபி) கையடக்க ஹார்ட் டிஸ்க். ஒரு ஜிபிக்கு ஆக மலிவு அதுதான். உள்ளே சுழலும் தட்டு இருப்பதால் ஓடும்போது விழுந்தால் போயிற்று.

256 பென் டிரைவ் சரியாக அமையும் இடம் ஒன்று உண்டு: பெரிய தொகையை அடிக்கடி அல்லாமல் ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோகும் வேலை.

வருடக்கணக்கில் பத்திரப்படுத்த எந்த அளவு பென் டிரைவும் உகந்ததல்ல. தரவு உள்ளே மின்னேற்றமாகத்தான் இருக்கிறது. மின் இணைப்பின்றிக் கிடக்கும்போது அது மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்று உலோக முனையைக் கறுக்கவைப்பதும் சேரும். பிள்ளையின் முதல் பிறந்தநாள் வீடியோ அலுமாரிக்குள் ஒரு பென் டிரைவில் மட்டும் இருக்குமானால் இன்றே இன்னொரு பிரதி எடுங்கள்.

கிளவுட்? கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலுக்கும் படத்துக்கும் சேர்த்து. நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 64 ஜிபியை அனுப்ப 14 மணிநேரம் பிடிக்கும். ஆவணங்களுக்கு நல்லது, வீடியோவுக்குப் பொறுமை வேண்டும்.

## ஒன்று பெரிதாகவா, இரண்டு சிறிதாகவா

ஒரு 256 வாங்கும் காசுக்கு ஒரு 32உம் ஒரு 128உம் வருமானால் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவதே சரி. 32 ஃபாட்32இல், காருக்கும் கடைக்கும். 128 எக்ஸ்ஃபாட்டில், வீட்டுக்கு வெளியே போகாமல். வைரஸ், தொலைதல், கார் செட் வாசிக்காமை, 4 ஜிபி மறுப்பு என்ற நான்கு தொல்லைகளும் ஒரே ஏற்பாட்டில் குறைகின்றன. ஒரே டிரைவில் எல்லாம் என்பது அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் நடக்கும் ஒருவருக்குச் சரிவரும். அவர்கூட அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் பிரதிகளை 7-ஸிப் மென்பொருள் கொண்டு கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைக்க வேண்டும்.

## திடீரென்று இடம் குறைந்தால்

மாக் கணினியில் அழித்த ஃபைல்கள் டிரைவிலேயே மறைந்த குப்பை ஃபோல்டரில் கிடக்கும். டிரைவ் செருகியிருக்கும்போதே மாக்கின் குப்பைத் தொட்டியைக் காலிசெய்தால்தான் இடம் திரும்பும்.

64 ஜிபி டிரைவ் சில எம்பி மட்டும் காட்டினால் அநேகமாக அதை யாராவது லினக்ஸ் நிறுவும் டிரைவாக ஆக்கியிருப்பார்கள்; மீதி இடம் விண்டோஸ் பாவிக்கக்கூடிய பகுதியாக இல்லாமல் கிடக்கிறது. விண்டோஸில் டிஸ்க்குகளைக் கையாளும் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டைத் திறந்து 'லிஸ்ட் டிஸ்க்' கொடுங்கள். அளவைப் பார்த்துச் சரியான டிஸ்க்கை 'செலக்ட்' செய்து, 'கிளீன்' கொடுத்து, பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புதிதாகப் போர்மட் செய்யுங்கள். தவறான எண்ணைத் தெரிவு செய்தால் வேறொரு டிஸ்க் துடைபட்டுவிடலாம். சந்தேகம் இருந்தால் மற்ற டிரைவ்களைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

## 2 டிபி மலிவாகக் கிடைத்தால்

நடைபாதையிலும் இணைய விற்பனைப் பக்கங்களிலும் 32 ஜிபி விலைக்கு 1 டிபி, 2 டிபி என்று வருபவை போலி. உள்ளே இருப்பது 16, 32 ஜிபி சில்லு. அந்தச் சில்லை இயக்கும் கட்டுப்படுத்தி மட்டும் 2 டிபி என்று பொய் சொல்லப் பழக்கப்பட்டிருக்கும். ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில் இருப்பதால் கொப்பி செய்த எல்லாமே இருப்பது போலத் தெரியும். உண்மையான அளவைத் தாண்டியவை எங்கும் எழுதப்பட்டிருக்காது, அல்லது முன்னால் இருந்தவற்றின்மேல் எழுதப்பட்டிருக்கும். படத்தைத் திறக்கும்போதுதான் பாதி சாம்பல் நிறமாகவோ, திறக்காமலோ இருக்கும்.

வாங்கிய அன்றே சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மாக்கிலும் எஃப்3: இரண்டும் இலவசம், டிரைவை முழுதாக எழுதி முழுதாக வாசித்துப் பார்ப்பவை. 64 ஜிபியை நொடிக்கு 10 எம்பியில் எழுத மட்டும் 1 மணி 47 நிமிடம் ஆகும், இரவில் ஓடவிடலாம். அவ்வளவு நேரமில்லை என்றால் வலிடிரைவ் ஆங்காங்கே தொட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். மென்பொருள் எதுவுமே வேண்டாம் என்றால், வீடியோக்களால் விளிம்புவரை நிரப்பி, கழற்றி, மீண்டும் செருகி, முதலில் ஏற்றியவற்றில் ஒன்றையும் கடைசியாக ஏற்றியவற்றில் ஒன்றையும் முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள். கழற்றாமல் பார்த்தால் கணினியின் நினைவில் தங்கிய பிரதியே ஓடி ஏமாற்றக்கூடும்.

சோதனை முடியும்வரை அட்டையையும் பற்றுச்சீட்டையும் எறிய வேண்டாம். வொரண்டி ஸ்டிக்கரில் திகதி எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கவுண்டரில் நிற்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்; பல கடைகளில் மாற்றித் தருவது அந்த ஸ்டிக்கரை வைத்துத்தான், அது உரிந்த டிரைவை வாங்க மாட்டார்கள்.